சீன இளவரசர்கள் சும்மா இருந்தது அவங்க குத்தமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சீனாவோட இளவரசர்கள் பத்தி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீங்க. பட்டு, முத்து, ஆயிரம் வேலைக்காரங்க, விடிய விடிய விருந்து, வேலைவெட்டி எதுவும் கிடையாது, பொறந்தா இப்படிப் பொறக்கணும்னு எழுதியிருந்துச்சு. எங்க கடைப்பக்கம் டீ குடிக்க வந்தவங்களும் அத வாசிச்சுட்டு ஆமாப்பா ராஜா வீட்டுப் பிள்ளைன்னா சும்மாவான்னு பேசிட்டுப் போறாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. கட்டுரையில பாதி சரிதான், செல்வம் இருந்தது உண்மை, ஆனா அந்த சும்மா இருந்த வாழ்க்கைய அவங்களா தேடிக்கிட்ட மாதிரி எழுதியிருக்கீங்க பாருங்க, அது தப்புங்கய்யா. சும்மா இருக்கணும்னு அவங்களுக்கு சட்டம் இருந்துச்சு. அந்த சட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டும் சுருதிக் கணக்க மொதல்ல சரியா போட்ட ஜூ சாய்யூங்கிற இளவரசர் பண்ணுன காரியத்தப் பத்தி ஒரு வரி கூட உங்க கட்டுரையில இல்ல, அதான் என்னோட பெரிய வருத்தம்.

மொதல்ல ஒரு சின்ன விஷயம். நீங்க போட்ட படத்துல இருக்கிறவருக்கு முன்மண்டை வழிச்சு பின்னாடி நீளமா சடை தொங்குது. அது சிங் வம்சம், மஞ்சூரியாவுல இருந்து வந்தவங்க, 1644ல இருந்து 1912 வரைக்கும் ஆண்டாங்க. ஆனா கீழ எழுதியிருக்கிறது பூராம் மிங் வம்சத்துக் கதை, 1368ல ஆரம்பிச்சது. மிங் ஆளுங்க தலைமுடிய மேல தூக்கிக் கொண்டை போட்டவங்க. ரெண்டு வம்சத்துலயும் இளவரசனா இருக்கிறதுக்கு அர்த்தமே வேற வேற, அதனாலதான் இத இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

சிங் வம்சத்த எடுத்துக்கங்க. அரண்மனைக்குள்ளயே இளவரசர்களுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருந்துச்சு, ஆறு வயசுல சேத்துருவாங்க. மஞ்சு, மங்கோலியம், சீனம்னு மூணு பாஷை, அதுக்கு மேல குதிரையேத்தம், வில்வித்தை. லீவுன்னா புது வருஷம், ரெண்டு மூணு பண்டிகை, பேரரசர் பொறந்தநாள், அவனவன் பொறந்தநாள், அவ்வளவுதான். சாவோ யீன்னு 18ம் நூற்றாண்டுல அரண்மனையில வேலை பாத்த ஒரு கவிஞர் தன் கண்ணால பாத்தத எழுதி வச்சிருக்காரு. அதிகாலை, இன்னும் கும்மிருட்டு, அதிகாரிங்க ஒருத்தரும் வரல, கொஞ்சம் வேலையாளுங்க மட்டும் தூணுல சாஞ்சு தூங்கி வழியுறாங்க, அப்போ வெள்ளைத் துணி போட்ட ஒரு லாந்தர் வாசலுக்குள்ள நுழையுது. யாருன்னு பாத்தா பாடம் படிக்கப் போற இளவரசப் பிள்ளைங்க. படிச்சாதான் சோறுன்னு இருக்கிற எங்களாலயே இவ்வளவு சீக்கிரம் எந்திரிக்க முடியல, இந்தப் பிள்ளைங்க தெனமும் வருதேன்னு அந்த மனுசன் ஆச்சரியப்படுறாரு. காங்சி பேரரசர் ஒரு பாடத்த 120 தடவை வாசிச்சாதான் மனசுல நிக்கும்னு சொல்றவரு, பிள்ளைங்களையும் அப்படியே வாசிக்க வச்சாரு.

இவ்வளவு படிச்சு என்ன ஆச்சு? காங்சியோட மகன் யின்ரெங், 1674ல பொறந்தவரு, மறுவருஷமே பட்டத்து இளவரசர்னு அறிவிச்சுட்டாங்க. கைக்குழந்தை. 1708ல அப்பாவே பதவிய புடுங்குனாரு, 1709ல திருப்பிக் குடுத்தாரு, 1712ல மறுபடியும் புடுங்கிட்டாரு, அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அடைப்புலயே இருந்தாரு. அண்ணன் தம்பிங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கோஷ்டியா நின்னு அடிச்சுக்கிட்டாங்க. கடைசியில நாலாவது மகன் யோங்செங் பேர்ல பட்டத்துக்கு வந்து, எட்டாவது ஒன்பதாவது தம்பிங்களோட பேரையே கேவலமா மாத்தி வம்சக் கணக்குல இருந்து தூக்கி அடைச்சு வச்சாரு, ரெண்டு பேரும் 1726லயே அடைப்புலயே செத்துப் போனாங்க. இந்த அடிதடிய பாத்துட்டுதான் யோங்செங் 1723லயே அடுத்த வாரிசு பேர எழுதி பெட்டியில வச்சுப் பூட்டி அரியணை மண்டபத்துல பெயர்ப்பலகைக்குப் பின்னாடி வச்சுட்டாரு, தான் செத்ததுக்கு அப்புறம்தான் எடுத்துப் பாக்கணும்னு. பெத்த பிள்ளைங்களுக்கே தெரியக்கூடாது. பொறந்தா இப்படிப் பொறக்கணும்னு இதப் பாத்துட்டுச் சொல்ல முடியுமா அய்யா.

இப்போ மிங்குக்கு வர்றேன், உங்க கட்டுரையோட விஷயம் அதுதான்.

மிங் வம்சத்த ஆரம்பிச்ச ஜூ யுவான்ஜாங் ஏழை விவசாயி வீட்டுல பொறந்தவரு, பஞ்சத்துல குடும்பமே செத்து, மடத்துல சேந்து பிச்சை எடுத்த மனுசன். அவருக்கு 26 மகன்க. என் வம்சத்துல எவனும் இனிமே பசியோட இருக்கக்கூடாதுன்னு நெனச்சு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஊர், ஒரு அரண்மனை, தலைமுறை தலைமுறையா அரசாங்க மானியம்னு எழுதி வச்சாரு. ஆரம்பத்துல கையில படையும் இருந்துச்சு. அந்தப் படைய வச்சுத்தான் நாலாவது மகன் ஜூ டி, 1399ல அண்ணன் மகன் மேலயே சண்டைக்குப் போய் 1402ல அரியணைய புடிச்சாரு. புடிச்சவரு மொதல் வேலையா என்ன செஞ்சாருன்னா, தான் வந்த வழியில இன்னொருத்தன் வந்துரக்கூடாதுன்னு மத்த இளவரசர்களோட கையக் கட்டிப் போட ஆரம்பிச்சாரு. அவருக்குப் பின்னாடி வந்தவங்க இன்னும் இறுக்குனாங்க. படை போச்சு. சொந்த ஊர்க் கோட்டைய விட்டு வெளிய போகணும்னாலும் அனுமதி. ரெண்டு இளவரசர்கள் நேர்ல சந்திக்கக்கூடாது. அரசாங்கப் பரீட்சை எழுதக்கூடாது, வேலைக்குப் போகக்கூடாது, விவசாயம் பண்ணக்கூடாது, வியாபாரம் கூடாது, கைத்தொழிலும் கூடாது. பிள்ளை பொறந்தா பேரு வைக்கிறதுக்கும் தலைநகர்ல இருந்து உத்தரவு வரணும், கல்யாணத்துக்கும் உத்தரவு வரணும். பெரிய இளவரசர் வீட்டுக்கு உத்தரவு சீக்கிரம் வரும், நாலு தலைமுறை தள்ளிப் போன ஏழைப் பங்காளிக்கு வருசக்கணக்குல வராது, அப்படிப் பேரில்லாமலும் கல்யாணமில்லாமலும் வயசான ஆளுங்க இருந்திருக்காங்க.

இந்தச் செலவு யார் தலையில விடிஞ்சுச்சுன்னும் சொல்லணும், அத விட்டுட்டா நானும் உங்க கட்டுரை மாதிரி பாதியத்தான் சொன்னதா ஆகும். 1562ல லின் ரூன்ங்கிற அதிகாரி பேரரசருக்கு எழுதுன மனுவுல கணக்கு இருக்கு, நாடு பூராவுல இருந்தும் தலைநகருக்குப் போற தானியம் வருஷத்துக்கு 40 லட்சம் ஷி, இளவரசர் வீடுகளுக்குக் குடுக்க வேண்டிய மானியம் மட்டும் 85 லட்சத்து 30 ஆயிரம் ஷி. ஒரு ஷின்னா ஏறக்குறைய 100 லிட்டர்னு வச்சுக்கங்க. நாட்டையே வித்தாலும் பத்தாது. பத்தாததால கீழ்மட்ட இளவரசர்களுக்குப் பாதிகூடப் போய்ச் சேரல, விவசாயிகிட்ட புடுங்குறது மட்டும் நிக்கல. உழைக்க உடம்பும் படிக்க மூளையும் இருந்த பத்தாயிரக்கணக்கான ஆம்பளைங்கள சட்டம் போட்டு உக்கார வச்சு சோறு போட்ட அரசாங்கம் அது. அவங்களப் பாத்து சோம்பேறின்னு எழுதுறது எனக்கு நியாயமாப் படல.

இப்போ நான் சொல்ல வந்த ஆளுக்கு வர்றேன். நான் ஆர்மோனியப் பெட்டி ரிப்பேர் பண்றவன், எங்க அப்பா காலத்துல இருந்து இதே தொழில்தான், மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துக்குப் போற ஆர்மோனியக்காரங்க பெட்டி நெறைய எங்க கடைக்கு வரும். ட்யூனிங் கணக்கு பத்தித் தேடிப் படிக்கப் போய்த்தான் இவரு எனக்குத் தெரிஞ்சாரு. பேரு ஜூ சாய்யூ. 1536ல பொறந்தவரு, மிங் வம்சத்து இளவரசர், ஹெனான் மாகாணத்துல ஹுவாய்சிங்ங்கிற ஊரு, இப்போ சின்யாங்னு சொல்றாங்க. அவரோட அப்பா ஜூ ஹௌவான் ஜெங் இளவரசர்ங்கிற பட்டத்துல இருந்தாரு. அப்போ பேரரசர் ஜியாஜிங், சாகாம இருக்க மருந்து, யாகம், பூஜைன்னு அதுலயே மூழ்கிக் கெடந்தாரு. 1548ல அப்பா அவருக்கு தைரியமா கடுதாசி எழுதுனாரு, இதெல்லாம் விட்டுட்டு நாட்டப் பாருங்கன்னு. பேரரசருக்குக் கோவம். இத சாக்கா வச்சு ஒரு பங்காளி, ஏற்கனவே பட்டம் கெடைக்கலன்னு கடுப்புல இருந்தவரு, இவரு மேல 40 குத்தத்த அடுக்கி ராஜதுரோகம்னு புகார் குடுத்தாரு. 1550ல பட்டத்தப் புடுங்கி சாதாரண ஆளாக்கி ஃபெங்யாங்ல இளவரசர்களுக்குன்னே கட்டி வச்சிருந்த சுவர் உசந்த ஜெயிலுக்கு அனுப்பிட்டாங்க.

மகனுக்கு அப்போ பதினாலு பதினஞ்சு வயசு. அரண்மனை அப்படியேதான் இருக்கு, அவர அங்க தங்க வேண்டாம்னு யாரும் சொல்லல. அவரா வெளிய வந்து அரண்மனை வாசலுக்கு வெளிய ஒரு மண் குடிசை போட்டு, வைக்கோல் பாயில தனியா படுத்துக் கெடந்தாரு. எங்க அப்பா குத்தமே இல்லாம ஜெயில்ல கெடக்கும்போது நான் உள்ள படுக்க மாட்டேன்னு. மிங் வரலாறு 19 வருஷம்னு சொல்லுது, 1550ல இருந்து எண்ணுனாலும் 17 வருஷம் அய்யா. 1567ல ஜியாஜிங் செத்து புதுப் பேரரசர் வந்து அப்பாவ விடுதலை பண்ணுன பிறகுதான் உள்ள போனாரு. வேலை செய்யக்கூடாதுன்னு சட்டம் இருந்த வம்சத்துல பொறந்து, பாடமும் கணக்கும் இசையுமா இவரா தன்னத்தானே வளத்துக்கிட்டாரு. இசையும் கணக்கும் தொழில்ல சேத்தி இல்ல பாருங்க, அதனால யாரும் தடுக்கல.

என்ன கணக்குன்னா, எங்க தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச சிக்கல்தான் அது. ஒரு ச-வ வச்சு அதுக்குச் சரியா ப சேருங்க, அந்த ப-வ ச-ன்னு நெனச்சு அதுக்கு ஒரு ப சேருங்க, இப்படியே பன்னெண்டு தடவை போனா ஆரம்பிச்ச ச-வுக்குத் திரும்பி வரணும்தானே, வராது. கொஞ்சம் மேல தள்ளித்தான் நிக்கும். சீனாவுலயும் ஆயிரம் வருஷத்துக்கு மேல இந்த முறையிலதான் குழலு வெட்டிட்டு இருந்தாங்க, கடைசியில கொஞ்சம் மிஞ்சும், அத எங்க ஒளிக்கிறதுன்னு தெரியாம ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு ஒட்டு போட்டாங்க. ஒரு சுருதியில நல்லாருக்கிற பாட்டு இன்னொரு சுருதிக்கு மாத்துனா கரகரன்னு இருக்கும். ஜூ சாய்யூ என்ன பண்ணுனாருன்னா, அந்த மிச்சத்த ஒளிக்கிறதே வேண்டாம், கீழ் ச-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவுல பன்னெண்டு படியும் ஒரே அளவு இருக்கட்டும்னாரு. மேல் ச-ன்னா ரெண்டு மடங்கு. அப்போ ஒரு படிக்கு எவ்வளவு? ரெண்டுக்கு வர்க்கமூலம், அதுக்கு இன்னொரு வர்க்கமூலம், அதுக்கு கனமூலம். வந்த விடை 1.059463094359295264561825. 1584ல இத எழுதி வச்சிருக்காரு. கால்குலேட்டர் இல்ல, லாக் டேபிள் இல்ல, 81 கம்பி கோத்த பெரிய மணிச்சட்டத்துல மணிய தள்ளித் தள்ளிப் போட்டதுன்னு சொல்றாங்க. நான் போன்ல போட்டுப் பாத்தேன், போன் காட்டுற அத்தனை இலக்கமும் அப்படியே பொருந்துது.

அதே காலத்த ஒட்டி ஐரோப்பாவுல சைமன் ஸ்டெவின்னு ஒருத்தரும் இதே வழியில யோசிச்சாரு, ஆனா அவரு போட்ட எண்கள்ல பிழை இருக்கு. இவரு கணக்கோட நிக்காம 36 குழல் செஞ்சும் பாத்திருக்காரு. குழலோட நீளத்த மட்டும் குறைச்சா சுருதி சரியா வராது, உள் துவாரத்தையும் அதுக்கேத்த மாதிரி படிப்படியா சிறுசாக்கணும்னு கண்டுபுடிச்சிருக்காரு. நாயனம் கடையுற ஆசாரிகளுக்கு இந்த விஷயம் கையோட பழக்கம், எழுத்துல கணக்கா வச்சவரு இவரு.

இத நான் ஏன் இவ்வளவு பெருசாச் சொல்றேன்னா, நாடக மேடையில பாருங்க. ராஜபார்ட் ஒரு கட்டையில பாடுவாரு, ஸ்த்ரீபார்ட் அதுக்கு மேல ஒரு கட்டையில எடுப்பாங்க, ஒரே காட்சியில தர்க்கம் நடக்கும்போது ஆர்மோனியக்காரர் கண்ண மூடிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ச-வ மாத்தி மாத்தி வாசிக்கணும். பன்னெண்டு கட்டையும் ஒரே படியில இருந்தாத்தான் அது முடியும். எங்கிட்ட பெட்டி வந்தா மேல் பலகைய கழட்டி ரீடு ஒண்ணொண்ணா எடுத்து, பித்தளை நாக்குக்கு அடியில மெல்லிசா ஒரு தகட்ட குடுத்து, நுனியில அரத்தால லேசா இழுத்தா சுருதி ஏறும், ஆணி அடிச்ச பக்கம் இழுத்தா எறங்கும். ஒரு இழுப்பு கூடுனா போச்சு, மறுபடி அந்தப் பக்கம் இழுத்து எறக்கணும். ச நொடிக்கு 240 அதிர்வுன்னு வச்சா, காதுக்கு இனிமையா தானா வந்து நிக்கிற க 300. ஜூ சாய்யூ கணக்குப்படி 302.4. நாடகக்காரர் பெட்டின்னா நான் 302.4லதான் நிறுத்துவேன், ஏன்னா அவருக்கு நாலு கட்டைக்கும் அது ஒத்து வரணும். தம்புராவோட ஒரே சுருதியில உக்காந்து பாடுறவங்களுக்கு இது லேசா உறுத்தும்தான், சுரத்த அசைச்சு வளைச்சுப் பாடுற கமகமும் இதுல வராது, அதனாலதான் ஆல் இந்தியா ரேடியோவுல 1940ல இருந்து 1971 வரைக்கும் ஆர்மோனியத்த சேக்காமலே வச்சிருந்தாங்க. அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. ஆனா மதுரையில இன்னைக்கு எத்தனை வீட்டுல பிள்ளைங்க கீபோர்டு கத்துக்கிட்டு இருக்கு, அதுல ஒவ்வொரு கட்டைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இந்த மனுசன் கணக்குப் போட்ட அதே எண்ணுதான். அவர்கிட்ட இருந்துதான் உலகம் பூராம் போச்சுன்னு நான் சொல்ல வரல, அதுக்கு ஆதாரம் இல்ல. மொதல்ல சரியா போட்டவரு அவருன்னு சொல்றேன்.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன், உங்க கட்டுரைக்கு நேர் பதில் இதுலதான் இருக்கு.

1591ல அப்பா எறந்து போனாரு. பட்டம் இவருக்குத்தான் வரணும், கேக்க ஆளில்ல. இவரு வேண்டாம்னு பேரரசருக்கு எழுதுறாரு. வம்ச வரிசைப்படி எங்க குடும்பத்துல மூத்த கிளை வேற, பட்டம் அவங்களுக்குப் போகணும்னு. அந்த மூத்த கிளை யாருன்னா, அப்பா மேல 40 குத்தம் சாட்டி ஜெயிலுக்கு அனுப்புன அதே பங்காளியோட குடும்பம். நான் மொத தடவை படிச்சப்போ திரும்பத் திரும்ப படிச்சுப் பாத்தேன், சரியாத்தான் படிக்கிறேனான்னு. மந்திரிங்க ஒத்துக்கல, மூணு தலைமுறையா உங்ககிட்ட இருக்கு, நீங்க வேண்டாம்னா உங்க மகன் இருக்கட்டும்னாங்க. இவரு விடல, மறுபடி மறுபடி மனு, 15 வருஷம். கடைசியில 1606ல, இவருக்கு 70 வயசு, பட்டம் அந்தப் பங்காளியோட பேரனுக்குப் போச்சு. இவரும் இவரு மகனும் பட்டம் இல்லாம, வாரிசுக்கும் வாரிசோட மகனுக்கும் உள்ள மானியத்தோட காலத்த ஓட்டுனாங்க. அதே 1606ல தன்னோட இசை, கணக்கு எழுத்து பூராத்தையும் அச்சாக்கி வான்லி பேரரசருக்கு அனுப்புனாரு. அரண்மனை அத வாங்கி வச்சுக்கிட்டதோட சரி, நடைமுறைக்குக் கொண்டு வரல. 1611ல எறந்துட்டாரு.

ரெண்டாவது, இது யாருமே பேசுறதில்ல. 1594ல ஜூ சாய்யூ பேரரசருக்கு ஒரு மனு போட்டாரு, இளவரசர் குடும்பத்து ஆளுங்களையும் எல்லாரையும் மாதிரி பரீட்சை எழுத விடுங்க, பாஸ் பண்ணுனவங்களுக்கு அவங்கவங்க தகுதிக்கேத்த வேலை குடுங்கன்னு. எங்களுக்கு வேலை குடுங்கன்னு கேட்ட இளவரசர் அய்யா. அனுமதியும் வந்துச்சு. மறுவருஷம் காலண்டர்ல இருக்கிற பிழைய திருத்தணும்னு கணக்குப் போட்டு அதையும் அனுப்பியிருக்காரு. சட்டம் தளந்தாலும் ரொம்ப லேட்டு, வம்சம் முடியுறதுக்கு அம்பது வருஷம்தான் பாக்கி.

நீங்க கட்டுரையில பெருசா எழுதியிருந்த லோயாங் இளவரசர் ஜூ சாங்ஷுன், வான்லியோட செல்ல மகன், அவரு 1614ல வந்து எறங்குன லோயாங் இவரு ஊருல இருந்து மஞ்சள் ஆத்துக்கு அந்தக் கரைதான். கல்யாணத்துக்கு மட்டும் 3 லட்சம் வெள்ளி, அரண்மனைக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளின்னு மிங் வரலாறே சொல்லுது. சுத்துப்பட்டு ஜனம் பஞ்சத்துல செத்துக்கிட்டு இருந்தப்போ களஞ்சியத்த தெறக்கல, 1641ல லி ஜிசெங்கோட கிளர்ச்சிப் படை உள்ள புகுந்து கொன்னுட்டாங்க. அந்த ஆள நான் தாங்கிப் பேச வரல. ஆனா அதே சட்டம், அதே மாகாணம், ஒரே வம்சம், அவரப் பத்தி அரைப்பக்கம் எழுதுன உங்க கட்டுரையாளர் ஆத்த தாண்டி இந்தக் கரைக்கு வந்திருக்கலாம்.

அதனால என்னோட வேண்டுகோள் ரெண்டுதான். அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க வெட்டி ஒட்டி வைக்கிற பக்கம் அது. அப்புறம் ஜூ சாய்யூ பத்தித் தனியா ஒரு கட்டுரை போடுங்க, கணக்கு வாத்தியார் ஒருத்தரையும் சங்கீதம் தெரிஞ்ச ஒருத்தரையும் சேத்து எழுதச் சொன்னா நல்லாருக்கும். உங்க நிருபர் வர்றதா இருந்தா எங்க கடைக்கு எப்ப வேணும்னாலும் வரலாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தெருவுல சத்தம் கொறஞ்சிரும், 300க்கும் 302.4க்கும் உள்ள வித்தியாசத்த ரெண்டு ரீட வச்சு வாசிச்சே காட்டுறேன்.

இப்படிக்கு,
ஆர்மோனியம் ரிப்பேர் செய்யும் வாசகர்,
தெற்குவாசல், மதுரை.